தொலைதூர இணைப்புக்கு ஏ.ஆர்.இ.டி.என்: ஒரு ஹாமின் மதிப்புரை

ஏ.ஆர்.இ.டி.என். (அமெச்சூர் ரேடியோ எமர்ஜென்சி டேட்டா நெட்வொர்க்) என்பது, ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றவர்கள் வெளிப்புற வைஃபை கருவிகளில் ஏற்றிக்கொள்ளும் இலவச ஃபர்ம்வேர், அதாவது கருவியை இயக்கும் மென்பொருள். 20 கி.மீ. தள்ளியிருக்கும் நண்பரின் நிலையத்தோடு 2.4 கிகாஹெர்ட்ஸில் இணைப்பு வைத்திருக்கிறேன். இந்த வேலைக்கு இதைவிட நல்ல துணை எனக்குக் கிடைத்ததில்லை.

சேனலின் (இணைப்பு பயன்படுத்தும் அலைவரிசைத் துண்டின்) அகலத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்பதே பெரிய வரம். 20 மெகாஹெர்ட்ஸிலிருந்து 5க்கு இறக்கினால் உள்ளே வரும் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகிறது, அதாவது 6 டெசிபல் லாபம். வேகம் குறையத்தான் செய்யும். எனக்கு இணைப்பு அறுபடாமல் நின்றால் போதும்.

நான் மிகவும் ரசிப்பது, சிக்னலை ஒலியாக்கித் தரும் வசதியை. சிக்னல் கூடினால் சுருதி ஏறுகிறது. ஏணியில் நின்று ஆன்டெனாவைத் திருப்புபவர் திரையைப் பார்க்கவே வேண்டாம். கம்பிவலைக் கிண்ண ஆன்டெனாவின் முதன்மைக் கற்றை சில டிகிரி அகலம்தான், அதன் இருபுறமும் பலவீனமான பக்கக் கற்றைகள் உண்டு. எனவே சுருதி முதல்முறை ஏறியதும் போல்ட்டை முடுக்கிவிடக் கூடாது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் அது தாழ்ந்து, பிறகு முன்னைவிட உயர்ந்து எழக்கூடும். அந்த இடம்தான் வேண்டும்.

தூரத்தையும் அமைப்பில் குறிக்கலாம். 20 கி.மீ. போய்த் திரும்ப ரேடியோ அலைக்கு ஏறக்குறைய 133 மைக்ரோவினாடி ஆகிறது. பக்கத்து அறைக்கென்று அமைத்த ரூட்டர், ‘கிடைத்தது’ என்ற பதிலுக்கு அவ்வளவு நேரம் காத்திராமல் அனுப்பியதையே திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். 2007இல் வெனிசுவேலாவில் எர்மான்னோ பியேத்ரோசெமோலி குழுவினர் மலைக்கு மலை 382 கி.மீ. வைஃபை இணைப்பு கொடுத்தபோதும் இந்தக் காத்திருப்பு நேரத்தைக் கவனிக்க வேண்டியிருந்தது.

மற்றதெல்லாம் நம் பொறுப்பு. எதிர்முனை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. 20 கி.மீ. பாதையின் நடுவே ஃபிரெனெல் மண்டலத்தின் (இரு முனைகளையும் இணைக்கும் கோட்டைச் சுற்றி அலை பரவும் பகுதியின்) ஆரம் சுமார் 25 மீட்டர்; அதில் 60 சதவீதமாவது மரமும் கட்டடமும் இல்லாமல் இருக்க வேண்டும். ஆன்டெனாவுடன் வந்த கோஆக்சியல் கேபிள் சிக்னலைத் தின்றுகொண்டிருந்ததால், ரேடியோவை ஆன்டெனாவின் முதுகிலேயே பொருத்தி, ஈதர்நெட் கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுத்தோம். அந்த மாற்றத்தை எல்லோருக்கும் சொல்வேன்.

ஹாம் அலைவரிசையில் செய்தியை மறையாக்கம் செய்யப் பெரும்பாலான நாடுகளில் அனுமதி இல்லை, ஆகவே இதில் போவதை யாரும் படிக்கலாம். வங்கிக் கணக்கு பார்க்க நினைப்பவர் இதைத் தேட வேண்டாம். பேரிடரில் இணையம் விழுந்தாலும் நிலையங்களுக்கிடையே குரலும் படமும் கோப்பும் போக வேண்டும் என்று நினைக்கும் ஹாம்கள் தயங்காமல் ஏற்றிக்கொள்ளலாம். கருவி வாங்கும் முன் ஆதரிக்கப்படும் மாடல்களின் பட்டியலை மட்டும் பார்த்துவிடுங்கள்.