பஞ்சுவின் முடிக்கட்டியும் சிக்கிக்கொள்ளும் பட்டனும்

நாத்தனார் மகள் போன வாரம் போன் செய்தாள். பெர்சியன் பூனைக்குட்டி வாங்கி நாலு மாதம் ஆகிறது. "அத்தை, பஞ்சுவுக்கு முடிக்கட்டி வராம இருக்க என்ன பேஸ்ட் குடுக்கிறீங்க?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் என் பூனை பஞ்சுவுக்கு முடி சீவும் பட்டன் பிரஷை மூன்றாவது முறையாகப் பழுது பார்த்து வாங்கி வந்திருந்தேன். பேச்சு முழுக்க அந்தக் கோபத்திலேயே போய்விட்டது. அவளுக்குச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

பேஸ்ட் எதுவும் கொடுப்பதில்லை. பூனையின் நாக்கில் தொண்டைப் பக்கமாக வளைந்த குட்டிக் குட்டி முட்கள் இருக்கின்றன. உதிர்ந்த முடி அதில் மாட்டினால் பூனையால் துப்ப முடியாது, விழுங்கத்தான் வேண்டும். பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். வயிற்றில் தங்குவதுதான் திரண்டு வாந்தியாக வருகிறது. அதனால் உள்ளே போகும் முடியைக் குறைப்பதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் அப்புறம்.

முதல் வருடம் வாரம் ஒரு தடவையாவது ராத்திரி அந்தச் சத்தம் கேட்கும். பஞ்சு வயிற்றைத் தரையோடு அழுத்திக்கொண்டு, விலா ஏறி இறங்க, கழுத்தை நீட்டிப் பின்வாங்கிக்கொண்டே போவான். கட்டி என்கிறோமே தவிர, விழுவது விரல் நீளத்துக்கு, எண்ணெயில் நனைந்த விளக்குத்திரி மாதிரி இருக்கும். பார்க்கவே பாவமாக இருக்கும்.

பட்டன் பிரஷ் வந்த பிறகுதான் இது மாறியது. தினமும் சாயங்காலம் பத்து நிமிடம். வளைந்த மெல்லிய கம்பிப் பற்கள் அடிமுடிவரை போகின்றன. பட்டனை அழுத்தினால் பற்கள் உள்ளே போய், சேர்ந்த முடி கல்லிலிருந்து ஊத்தப்பம் பெயர்வது போல முழுசாகக் கையில் வரும். சித்திரை வெயிலில் ஒரே தடவையில் ஒரு கைப்பிடி எடுத்திருக்கிறேன். இப்போது இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் வாந்தி. இந்தப் பெருமை பிரஷுக்குத்தான்.

ஆனால் அந்தப் பட்டன்! ஆறு மாதத்தில் ஸ்பிரிங்கில் முடி சுற்றிக்கொண்டது. பற்கள் பாதி உள்ளே, பாதி வெளியே நின்றுவிடும். ஊக்கை விட்டு நெம்பினால் நாலு நாள் ஓடும், மறுபடி சிக்கும். கழற்றிச் சுத்தம் செய்யலாம் என்று பார்த்தால் ஒரு திருகாணிகூட இல்லை, இரண்டு பாதியையும் ஒட்டியே வைத்திருக்கிறார்கள். முடி எடுப்பதற்கென்றே செய்த பொருளில் முடி போனால் என்ன ஆகும் என்று செய்தவர்கள் யோசித்திருக்க வேண்டாமா? கடைசியில் மிக்ஸி பழுது பார்க்கும் அண்ணன் ஒட்டை பிளேடால் கீறி, பேனா ஸ்பிரிங் போட்டுக் கொடுத்தார். அது பட்டென்று தெறிக்கிற சத்தத்துக்கே பஞ்சு கட்டிலுக்கு அடியில் ஓடுகிறான்.

அக்குளிலும் தொடை இடுக்கிலும் இந்த பிரஷ் உதவாது. அங்கே தோல் மெல்லிசு, கம்பி கீறிவிடும். சாதாரண ஸ்டீல் சீப்புதான். சிக்கு விழுந்தால் விரலால் பிரித்துவிட்டு நுனியிலிருந்து சீவ வேண்டும்.

சாப்பாட்டில் வாரம் இரண்டு நாள் அரை ஸ்பூன் அரசாணிக்காய் (மஞ்சள் பூசணி), உப்பில்லாமல் வேகவைத்து மசித்தது. அதிலுள்ள நார் முடியைக் கீழ்ப்பக்கம் தள்ளிவிட உதவும். வீட்டுப் பொரியலில் மீந்ததை எடுத்து வைக்கக் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். முளைப்பாரிக்குப் போடுவது போலத் தட்டில் கோதுமை விதைத்தால் பத்து நாளில் புல் தயார், பஞ்சு நுனியை மட்டும் கடிப்பான். தண்ணீர்ச் சட்டியைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி ஜன்னலோரம் வைத்ததிலிருந்து நன்றாகக் குடிக்கிறான், மலமும் இளகிவிட்டது.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். யாராவது சொன்னார்கள் என்று திரவ பாரஃபினை (மலம் இளகக் கொடுக்கும் எண்ணெய்) வாயில் ஊற்றாதீர்கள். அதற்கு ருசியும் இல்லை, வாசமும் இல்லை. பூனைக்கு இருமல்கூட வராமல் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆக்கிவிடும். ஓங்கரித்து ஓங்கரித்து ஒன்றுமே வராமல், சாப்பிடாமல், மலமும் போகாமல் கிடந்தால் அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். குடல் அடைத்திருக்கலாம். முடி வராமல் அடிக்கடி இருமினாலும் காட்டிவிடுங்கள், அது ஆஸ்துமாவாகவும் இருக்கலாம்.

சரி, அந்தப் பட்டன் பிரஷ் வாங்கலாமா? வேண்டாம். என் பூனையின் வயிற்றைக் காப்பாற்றியது அதுதான் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன், அது உண்மை. ஆனாலும் நாத்தனார் மகளிடம் பட்டன் இல்லாத கம்பி பிரஷ் ஒன்றும் ஸ்டீல் சீப்பு ஒன்றும் வாங்கச் சொல்லிவிட்டேன். பற்களில் சேரும் முடியைக் கையால் எடுத்தால் போதும், ஒரு நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.