ஃபிடிலா, பான்ஜோவா, மாண்டலினா? புளூகிராஸ் வட்டத்தில் உட்கார எது நல்லது

புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசைக்கான இந்த மூன்று வாத்தியங்களையும் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டேன். ஃபிடில் பதினான்கு மாதம், பான்ஜோ ஐந்து மாதம், மாண்டலின் நான்கு வருடமாக. மூன்றில் எதைத் தொடங்கலாம் என்று யார் கேட்டாலும் மாண்டலின் என்றுதான் சொல்வேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வட கரோலினாவில் ராலே பக்கம் குடியிருக்கிறேன். சர்வதேச புளூகிராஸ் சங்கத்தின் ஆண்டு விழா 2013-இலிருந்து 2024 வரை இந்த ஊரில்தான் நடந்தது. மேடைக் கச்சேரிகளைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது ஓட்டல் வராந்தாவில் நடந்ததுதான். முன்பின் தெரியாத ஐந்தாறு பேர் வட்டமாக நிற்பார்கள். ஒருவர் பாட்டின் பெயரையும் சுருதியையும் சொல்வார், அவ்வளவுதான், வாசிப்பு தொடங்கிவிடும். கையில் தாள் கிடையாது, ஒத்திகை கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஒரு சுற்று தனியாக வாசிக்கக் கிடைக்கும், மற்றவர்கள் பின்னால் தாங்குவார்கள். இதைத்தான் ஜாம் என்கிறார்கள். அந்த வட்டத்துக்குள் நானும் நிற்க வேண்டும் என்ற ஆசையில்தான் இந்த இசைக்கே வந்தேன். ஆகவே என் அளவுகோல் ஒன்றே ஒன்று: எந்த வாத்தியம் என்னைச் சீக்கிரம் அந்த வட்டத்தில் உட்காரவைத்து, மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் உபயோகமாகவும் வைத்திருக்கும்?

விலை, எடை எல்லாம் பெரிய விஷயமில்லை. ஆரம்பநிலையில் மூன்றுமே சில நூறு டாலரில் கிடைக்கும். பான்ஜோதான் கனம். ரெசனேட்டர் என்ற, சத்தத்தை முன்னால் தள்ளும் பின்பலகை வைத்ததைத் தோளில் மாட்டி ஒரு மணி நேரம் நின்றால் தெரியும். ஃபிடிலுக்கு ஒரு நல்ல வசதி உண்டு. பள்ளி ஆர்க்கெஸ்ட்ராக்களின் புண்ணியத்தில் அமெரிக்காவில் வயலின் வாடகைக்குச் சுலபமாகக் கிடைக்கும். நான் மாதம் 25 டாலருக்கு எடுத்தேன்.

ஃபிடிலைத்தான் முதலில் எடுத்தேன். திருச்சியில் சின்ன வயதில் ஆறு வருடம் வயலின் கற்றவன் நான். ஃபிடிலும் வயலினும் ஒரே வாத்தியம்தானே, பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று நினைத்தேன். அப்படி இல்லை. நாம் சப்பணமிட்டு உட்கார்ந்து வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றிக்கொள்கிறோம். வாத்தியம் அசையாது, இடது கைக்குத் தாங்கும் வேலையே இல்லை, மேலும் கீழும் தாராளமாக வழுக்கலாம். இங்கே நின்றுகொண்டு தாடைக்கும் தோளுக்கும் நடுவே பிடிக்க வேண்டும். தந்தி கூட்டுவதும் வேறு. நமக்கு ச-ப-ச-ப. இவர்களுக்கு மேற்கத்திய ஸ்வரப் பெயரில் ஜி, டி, ஏ, ஈ. எந்த இரண்டு பக்கத்துத் தந்திக்கும் நடுவே ச-ப தூரம்தான். நம் வயலினில் இரண்டாம் தந்திக்கும் மூன்றாவதுக்கும் நடுவே மட்டும் ப-ச தூரம் வரும். ஒவ்வொரு முறை அந்த இடத்தைக் கடக்கும்போதும் என் விரல் பழைய ஊருக்கே போய் நின்றது.

பழைய பாடம் கைகொடுத்த இடமும் உண்டு. புளூகிராஸில் காந்தாரம் சில இடங்களில் சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவே நிற்கும், கீழிருந்து வழுக்கிக்கொண்டு வரும். மெதுவான பாட்டில் அதை வாசித்தபோது பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஆனால் வேகமான பாட்டில் ஸ்வரம் நேராக நிற்க வேண்டும். என் கையோ தானாக அசைத்துவிடும். வலது கை இன்னும் கஷ்டம். ஒரே வில்லில் நீளமாகப் பிடித்து வளர்த்துப் பழகிய கைக்கு, வில்லின் நடுப்பகுதியில் ஒரு நீள இழுப்பு, இரண்டு குட்டை இழுப்பு என்று போகும் ஷஃபிள் வரவே இல்லை. புளூகிராஸ் ஃபிடிலின் நடையே அந்த இழுப்பில்தான் இருக்கிறது.

இதெல்லாம் பயிற்சியில் சரியாகும். எனக்குப் பிரச்சினையாக இருந்தது வேறு. வட்டத்தில் எட்டுப் பேர் இருந்தால் உங்கள் முறை எட்டில் ஒன்றுதான். மிச்ச நேரம் என்ன செய்வது? தேர்ந்த ஃபிடில்காரர் பாடகரின் வரிகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் சின்னதாக ஒரு பதில் வைப்பார். ஆரம்பக்காரர் அதைச் செய்தால் அரைக்கால் சுருதி பிசகினாலும் பாடுபவரின் தொண்டை தடுமாறும். வில்லைத் தந்தியில் தட்டித் தாளம் கொடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. 1960-களில், புளூகிராஸைத் தொடங்கிவைத்த பில் மன்றோவின் குழுவில் வாசித்த ரிச்சர்ட் கிரீன் பிரபலமாக்கியது. அதுவும் முதல் வருடத்தில் வருகிற வேலை இல்லை. ஆக, பதினான்கு மாதத்தில் பாதி நேரம் வில்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் பான்ஜோ. இதைப் பற்றி நான் சொல்வதை அரை எடையாக எடுத்துக்கொள்ளுங்கள், ஐந்து மாத அனுபவம்தான். தனியாக அறையில் உட்கார்ந்து வாசிக்க மூன்றிலும் சீக்கிரம் சந்தோஷம் தருவது இதுதான். தந்தியை மீட்ட, கட்டைவிரலில் பிளாஸ்டிக் பிக், ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் உலோக பிக். மூன்று விரலையும் ஒரு வரிசையில் மாற்றி மாற்றி உருட்டினால் மூன்றாவது வாரத்திலேயே, 'அட, இது அந்தச் சத்தம்தானே!' என்று தோன்றிவிடும். வெறும் தந்தியிலேயே ஜி கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) ஒலிப்பதால் இடது கைக்கு ஆரம்பத்தில் வேலை குறைவு. இந்த மூன்று விரல் பாணியைச் செதுக்கி உலகத்துக்குக் காட்டிய ஏர்ல் ஸ்க்ரக்ஸ் இதே மாநிலத்துக்காரர். மேற்கே ஷெல்பி ஊர்ப் பக்கம் பிறந்து, 1945 டிசம்பரில் மன்றோவின் குழுவில் சேர்ந்தார். இன்று நாம் புளூகிராஸ் என்று அடையாளம் கண்டுகொள்ளும் ஓசை அவர் கை வந்து சேர்ந்த பிறகுதான் முழுமையானது. தோல் போர்த்திய இந்த வாத்தியமோ அதற்கும் வெகு முன்பு, அடிமைகளாக இழுத்து வரப்பட்ட மேற்கு ஆப்பிரிக்க மக்களின் நினைவில் கடல் கடந்து வந்தது. அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த நினைப்பு எனக்கு வரும்.

அப்படியிருந்தும் ஏன் விட்டேன்? முதல் காரணம் சத்தம். அடுக்குமாடியில் ராத்திரி எட்டரைக்குக் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். ரெசனேட்டரைக் கழற்றி உள்ளே பழைய துண்டைத் திணித்து வாசித்துப் பார்த்தேன். சத்தம் அடங்கியது, கூடவே உயிரும் அடங்கியது. இரண்டாவது காரணம், பெரும்பாலான வட்டத்தில் ஏற்கெனவே ஒரு பான்ஜோ இருக்கும். இரண்டு பான்ஜோ ஒரே நேரத்தில் உருட்டினால் ஒன்றின் ஸ்வரங்கள் இன்னொன்றின் மேல் கொட்டும், இரண்டுமே கேட்காது. புதியவர்தான் நிறுத்த வேண்டும். அதுதான் மரியாதையும்.

மூன்றாவது காரணம்தான் என்னை ஓரங்கட்டியது. ஜி சுருதியில் ஒரு பாட்டு முடிகிறது, அடுத்தவர் "பி" என்கிறார். பான்ஜோக்காரர் நாலாவது ஃபிரெட்டில் (கழுத்தில் இருக்கும் மெட்டு) கேப்போ மாட்ட வேண்டும். தந்திகளைக் கழுத்தோடு அழுத்திச் சுருதியை ஏற்றும் கவ்வி அது. ஐந்தாவது தந்தி பாதிக் கழுத்திலிருந்து தொடங்குவதால் கேப்போ அதைத் தொடாது. அதற்கென்று ஒன்பதாவது ஃபிரெட்டில் அடித்து வைத்திருக்கும் குட்டி ஆணிக்கு அடியில் அந்தத் தந்தியைத் தனியாக நுழைக்க வேண்டும். பிறகு கேப்போவின் அழுத்தத்தில் பிசகிய தந்திகளைக் கூட்ட வேண்டும். பழகியவர்களுக்குப் பத்து விநாடி. எனக்கு முதல் பல்லவி முடிந்துவிடும்.

இனி மாண்டலின். பில் மன்றோவுக்கே இது மிச்சம் மீதியாக வந்த வாத்தியம். கெண்டக்கியில் எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி அவர், 1911-இல் பிறந்தவர். ஓர் அண்ணன் பிர்ச் ஃபிடிலை எடுத்துக்கொண்டார், இன்னொரு அண்ணன் சார்லி கிதாரை எடுத்துக்கொண்டார். தம்பிக்கு மாண்டலின்தான் பாக்கி. சத்தம் அதிகமாக வரக் கூடாது என்று எட்டுத் தந்தியில் நான்கைக் கழற்றிவிட்டுத்தான் வாசிக்க விட்டார்களாம். அந்தத் தம்பி 1939-இல் தொடங்கிய குழுவின் பெயர்தான் பிறகு இந்த இசைக்கே பெயரானது.

மாண்டலினின் தந்திகள் ஃபிடிலைப் போலவே ஜி, டி, ஏ, ஈ. ஒவ்வொன்றும் இரட்டைத் தந்தி, அவ்வளவுதான். வீணைக்கு மெட்டு இருப்பதுபோல் இதற்கு ஃபிரெட் இருக்கிறது. ஆகவே சுருதி சேர்ந்திருக்கும்வரை விரல் இடம் தப்பாது. ஃபிடிலில் நான் பதினான்கு மாதம் போராடிய விஷயம் இங்கே முதல் நாளே தீர்ந்துவிட்டது.

ஆனால் முடிவு செய்தது அதுவும் இல்லை. 'சாப்' என்று ஒரு அடி இருக்கிறது. புளூகிராஸில் மத்தளமோ டிரம்மோ பொதுவாகக் கிடையாது. நாலு எண்ணிக்கைத் தாளத்தில் பேஸ் வாத்தியம் ஒன்றிலும் மூன்றிலும் 'தும்' என்று விழும். இரண்டிலும் நாலிலும் விழவேண்டியது மாண்டலினின் அடி. நம் கணக்கில் சொன்னால் அரை இடம் தள்ளி விழும் அடி. நான்கு விரலாலும் கார்டை அழுத்திப் பிடித்து, பிக்கால் ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். வெட்டிய அதே கணத்தில் இடது கை விரல்களை லேசாகத் தளர்த்த வேண்டும். எடுத்துவிடக் கூடாது, தளர்த்தினால் போதும். தந்தி ஒலிக்கத் தொடங்கும்போதே அடங்கி, கார்டின் வாசனையோடு 'டக்' என்று ஒரு ஓசை மட்டும் மிஞ்சும். அரிவாள்மணையில் வெண்டைக்காய் விழும் சத்தத்துக்குக் கொஞ்சம் பக்கம். கையில் தாளம் போட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த இடம் தானாகவே புரிந்துவிடும்.

ஜி கார்டுக்கு விரல்கள் கனத்த தந்தியிலிருந்து 7, 5, 2, 3 என்ற ஃபிரெட்டுகளில் நிற்க வேண்டும். முதல் வாரம் சுண்டுவிரல் எட்டவே எட்டாது. எனக்கு ஐந்து வாரம் ஆனது. ஆனால் எட்டிவிட்டால் அப்புறம் பாருங்கள். இந்தப் பிடியில் வெறும் தந்தி ஒன்றுகூட இல்லை. அப்படியே இரண்டு ஃபிரெட் மேலே நகர்த்தினால் ஏ, நான்கு நகர்த்தினால் பி. யாராவது "பி" என்று சொன்னால் நான் செய்ய வேண்டியது கையை நான்கு விரல்கடை நகர்த்துவது மட்டும்தான். கேப்போ இல்லை, ஆணி இல்லை. மூன்று பிடி தெரிந்தால் பெரும்பாலான பாட்டுக்குப் போதும், எந்தச் சுருதியிலும்.

மாண்டலின் வாங்கிய ஏழாவது வாரம், வியாழக்கிழமை ஜாமுக்குப் போனேன். பாட்டு ஒன்றுகூடத் தெரியாது. பக்கத்தில் கிதாரோடு இருந்த பெரியவர், "என் முகத்தைப் பார்க்காதீங்க, இடது கையைப் பாருங்க" என்றார். அவர் பிடி மாறும்போது நானும் மாற்றினேன். என் தனிச் சுற்று வந்தபோது தலையை ஆட்டி அடுத்தவருக்குத் தள்ளிவிட்டேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டரை மணி நேரம் வெட்டிக்கொண்டே இருந்தேன். நடுவில் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது, பாடிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தார். அந்த அடி இல்லாதது அவருக்குத் தெரிந்திருக்கிறது! ஃபிடிலோடு பதினான்கு மாதம் உட்கார்ந்தும் கிடைக்காத இடம் அது.

பகிர்ந்துகொள்வதிலும் மாண்டலினுக்கு ஒரு வசதி. ஃபிடில்காரர்களின் மெட்டுகள்தான் இந்த இசையின் கையிருப்பு. தந்தி கூட்டும் முறை ஒன்றே என்பதால் அவர்கள் விரல் வைக்கும் வரிசையை அப்படியே நான் எடுத்துக்கொள்ளலாம், நான் கண்டுபிடித்ததை அவர்களுக்கு அப்படியே கொடுக்கலாம். எங்கள் வட்டத்தில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி ஃபிடில் வாசிக்கிறாள். அவள் புதிதாகக் கற்றதைப் போனில் பதிவு செய்து அனுப்புவாள். நான் பாதி வேகத்தில் ஓடவிட்டு வரி வரியாகப் பிடிப்பேன். அடுத்த வியாழன் இரண்டு பேரும் சேர்ந்து வாசிப்போம். பான்ஜோவுக்குப் போனால் அதே மெட்டை உருட்டலுக்குள் புகுத்தி வேறு மாதிரி கட்ட வேண்டும். அது அழகான வேலை, ஆனால் அதற்குத் தனிப் பாடம் வேண்டும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இரட்டைத் தந்தி விரல் நுனியை அறுக்கும், முதல் மாதம் வலிக்கும். தனிச் சுற்றில் சத்தம் பற்றாது, பக்கத்தில் பான்ஜோ உருண்டால் காணாமல் போய்விடும். ஸ்வரம் நீண்டு நிற்காது. நிறுத்த வேண்டுமென்றால் பிக்கை வேகமாக மேலும் கீழும் ஆட்டி நடுங்கவிட வேண்டும். மெதுவான சோகப் பாட்டில் ஃபிடில் இழுக்கும் ஒரு இழுப்புக்கு இது ஈடாகாது, அந்த ஏக்கம் எனக்கு இன்னும் இருக்கிறது. வட்டத்தில் இன்னொரு மாண்டலின் இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து வெட்டக் கூடாது, முறை வைத்து வாசிக்க வேண்டும்.

பராமரிப்பு மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஃபிடிலுக்கு வில்லின் முடி மாற்ற வேண்டும், பிரடை குளிர்காலத்தில் வழுக்கும். பான்ஜோவில் தோலின் இறுக்கத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாண்டலினில் எட்டுத் தந்தி கூட்ட வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: பழைய தந்தியை மாற்றும்போது எட்டையும் ஒன்றாகக் கழற்றாதீர்கள். தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற மரத்துண்டு ஒட்டப்பட்டது இல்லை, தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. நான் எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். குதிரை நகர்ந்து, 12-ஆவது ஃபிரெட்டில் மேல் ஸ்தாயி சேரவே இல்லை. மறுபடி இடம் பிடிக்க ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிற்று. ஒவ்வொரு ஜோடியாக மாற்றுங்கள்.

பான்ஜோவின் சத்தத்தைக் கேட்டதிலிருந்து தூக்கம் வராதவர்கள் நான் எழுதியதை ஒதுக்கிவிட்டுப் பான்ஜோவே வாங்கலாம். ஆசை இருந்தால் ஆணியும் கேப்போவும் ஒரு பொருட்டே இல்லை. மற்றவர்கள் மாண்டலின் வாங்கப் போனால், கண்ணீர்த்துளி வடிவத்தில் இருக்கும் ஏ மாடலையே எடுங்கள். தோளில் சுருள் வைத்த எஃப் மாடல் பார்க்க அழகு, மன்றோ வாசித்ததும் 1923-இல் கிப்சன் செய்த எஃப்-5 தான். ஆனால் அந்தச் சுருளைச் செதுக்கும் வேலைக்குத்தான் கூடுதல் விலை, ஓசைக்கு இல்லை. கடையிலேயே 7-5-2-3 பிடியை அழுத்திப் பாருங்கள். தந்தி ஃபிரெட்டிலிருந்து ரொம்ப உயரத்தில் நின்றால் குதிரையின் இரண்டு பக்கமும் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருப்பி இறக்கித் தரச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலைதான்.