இரட்சிப்பை இழந்துபோக முடியுமா? ஆறு சனிக்கிழமை வேதபாட வகுப்பைப் பற்றி

இரட்சிக்கப்பட்ட ஒருவர் அந்த இரட்சிப்பை இழந்துபோக முடியுமா என்று சகோதர சபையாரைக் கேட்டால், பெரும்பாலும், ஒருக்காலும் முடியாது என்பார்கள். பெந்தெகொஸ்தே சபையாரைக் கேட்டால், விழிப்பாயிராதவன் இழந்துபோவான் என்பார்கள். தாய்வழி உறவினர் ஒரு பக்கமும் தந்தைவழி உறவினர் மறுபக்கமுமாக இருந்த வீட்டில் வளர்ந்தவள் நான். ஆகவே சுயசித்தத்தையும் இரட்சிப்பின் நிச்சயத்தையும் குறித்து எங்கள் பகுதிச் சபை ஒன்று ஆறு வார வகுப்பு நடத்துகிறது என்று கேள்விப்பட்டதும் சேர்ந்துவிட்டேன். சனிக்கிழமைதோறும் மாலை 5 மணி முதல் 7 மணி வரை வகுப்பு; கட்டணம் 600 ரூபாய்; பாடக்குறிப்பும் தேநீரும் அதில் அடக்கம்.

மனிதனின் சுயசித்தத்தைக் குறித்து ஐந்தாம் நூற்றாண்டில் மாறுபட்டு நின்ற அகஸ்டினும் பெலாகியுவும் முதல் வாரப் பாடத்தில் வந்தார்கள். அதே கேள்வியில் பதினாறாம் நூற்றாண்டில் வாதிட்ட லூத்தரும் எராஸ்முவும் இரண்டாம் வாரத்தில் வந்தார்கள். இரண்டும் குறைசொல்ல முடியாத, ஆனால் வேகமான பாடங்கள். வகுப்பின் உண்மையான பலம் மூன்றாம் வாரத்தில் தெரிந்தது. லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியரான அர்மினியு 1609இல் இறந்தபின், அவரைப் பின்பற்றியவர்கள் 1610இல் ஐந்து கூற்றுகளை எழுதி நெதர்லாந்தின் ஹாலந்து மாகாண ஆட்சிமன்றத்திடம் கொடுத்தார்கள். அவற்றில் ஐந்தாவது, விசுவாசி கடைசிவரை நிலைநிற்பதைப் பற்றியது. விசுவாசி விழுந்துபோக முடியும் என்று அவர்கள் அதில் அடித்துச் சொல்லவில்லை. வேதத்திலிருந்து இன்னும் ஆராய வேண்டியிருக்கிறது என்றே எழுதினார்கள். விழுந்துபோக முடியும் என்ற திட்டமான முடிவுக்கு அவர்கள் வந்தது பிற்பாடுதான். அர்மினியர் என்றாலே இரட்சிப்பை இழக்கலாம் என்பவர்கள் என்று இத்தனை ஆண்டுகளாக எண்ணியிருந்த எனக்கு இது புதிய செய்தி.

அவர்களுக்கு மறுப்பாக 1618 நவம்பரில் நெதர்லாந்தின் தோர்ட் நகரில் கூடிய சினாடு, அதாவது சபைத் தலைவர்களின் மன்றம், 1619 மே மாதம் வரை நடந்து, மெய்யான விசுவாசியைத் தேவன் கடைசிவரை காப்பார் என்று தீர்மானித்தது. அது முடிந்து சில நாட்களுக்குள், அர்மினியரின் பக்கம் நின்ற முதுபெரும் அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட் ஹேக் நகரில் சிரச்சேதம் செய்யப்பட்டார். கிருபையைப் பற்றிய விவாதத்தில் அரசியல் எவ்வளவு ஆழமாகக் கலந்திருந்தது என்பதை ஆசிரியர் மறைக்காமல் சொன்னார். அவர் தோர்ட் தீர்மானங்களை ஏற்பவர் என்பதால் அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

நான்காம் வாரத்தில் யோவான் 10ஆம் அதிகாரத்தையும் எபிரெயர் 6ஆம் அதிகாரத்தையும் எதிரெதிரே வைத்து வாசித்தோம். என் கையிலிருந்து ஒருவனும் பறித்துக்கொள்வதில்லை என்கிறார் இயேசு; பரம ஈவை ருசிபார்த்தபின் மறுதலித்துப்போனவர்களைப் புதுப்பிப்பது கூடாதகாரியம் என்கிறது எபிரெயர் நிருபம். ருசிபார்த்தல் என்பது நுனிநாக்கில் வைத்துப் பார்ப்பதுதான், அவர்கள் உண்மையில் விசுவாசித்தவர்கள் அல்லர் என்று ஒருவர் விளக்கம் சொன்னார். ஆசிரியர் உடனே அதே எபிரெயர் நிருபத்தின் 2ஆம் அதிகாரம் 9ஆம் வசனத்தைத் திறக்கச் சொன்னார். இயேசு நமக்காக மரணத்தை ருசிபார்த்தார் என்று அங்கே இருக்கிறது. கிரேக்கத்திலும் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல்தான். அவர் முழுமையாகவே மரித்தார் அல்லவா என்று ஆசிரியர் கேட்டபோது வகுப்பில் சத்தமே இல்லை. தம் கொள்கைக்கு வசதியான விளக்கத்தை அவரே தட்டிவிட்டு, எச்சரிப்பும் விசுவாசியைக் காக்கத் தேவன் பயன்படுத்தும் வழிதான் என்ற வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். நான் அதை முழுவதும் ஏற்கவில்லை. ஆனாலும் அந்த ஒரு மாலைக்கே 600 ரூபாய் தகும்.

குறை ஐந்தாம் வாரத்தில் வந்தது. எழுபது வயதை நெருங்கிய ஓர் அம்மா எழுந்து, ஞானஸ்நானம் பெற்று வாலிபர் கூட்டத்தை நடத்திய தம் மகன் பதினோரு ஆண்டுகளாகச் சபைக்கு வருவதில்லை என்றும், அவன் நிலைமை என்ன என்றும் கேட்டார். “அப்படியானால் அவர் முதலிலேயே இரட்சிக்கப்பட்டிருக்க மாட்டார் அம்மா” என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். அந்த அம்மா பாடக்குறிப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அதன்பின் திறக்கவே இல்லை.

ஆசிரியர் கையில் வைத்திருந்த தோர்ட் தீர்மானங்களே அதைவிட இரக்கமாகப் பேசுகின்றன. தாவீதும் பேதுருவும் எவ்வளவு கொடிதாக விழுந்தார்கள் என்று ஐந்தாம் பகுதி பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. விசுவாசி சில காலம் கிருபையின் உணர்வையே இழந்துபோகலாம் என்றும், அப்போதும் தேவன் அவனுக்குள் அழியாத வித்தைக் காக்கிறார் என்றும் சொல்கிறது. மறுபக்கத்தில் நின்ற, மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியோ, பின்வாங்கிப்போனவர்களில் அநேகர் திரும்பி வந்திருக்கிறார்கள் என்று நம்பிக்கையோடு பிரசங்கித்தவர். இரு தரப்பாரும் அந்த மகனுக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கும்போது, பதினோரு ஆண்டுகளை வைத்து அவன் கணக்கை முடிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

இன்னொரு விடுபடலும் எனக்கு வருத்தம் தந்தது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, இரட்சிப்பு இழந்துபோகாது என்று போதித்த கால்வினின் வழிவந்த பிரஸ்பிட்டேரியரும் வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்டுகளும் ஆங்கிலிக்கரோடு ஒரே திருச்சபையில் இணைந்தார்கள். இந்தக் கேள்வியில் ஒத்த கருத்து இல்லாதவர்கள் ஒரே பந்தியில் அமர்ந்த அந்த வரலாற்றுக்கு வகுப்பில் ஐந்து நிமிடம்கூடக் கிடைக்கவில்லை.

வேதத்தை ஓரளவு வாசித்தவர்கள் தயங்காமல் சேரலாம். பிள்ளைகளை நினைத்துக் கலங்கி வருகிறவர்கள் நான்காம் வாரம் வரை போய், ஐந்தாம் வாரத்துக்குத் துணையோடு போவது நல்லது. ஐந்தாம் பாடத்தை இரண்டு மாலைகளாகப் பிரித்து, ஒன்றை முழுவதும் கேள்விகளுக்கே விடும்படி கருத்துத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்படிச் செய்தால் அந்த அம்மாவையும் அழைத்துக்கொண்டு நானே மறுபடியும் பணம் கட்டிச் சேருவேன்.