நத்தை ஓட்டுக்காகப் போட்ட பவளச் சில்லு: மூன்று ஆண்டு அனுபவம்

சிங்கப்பூரில் ஈசூன் வீட்டில் என்னிடம் இரண்டு மீன் தொட்டிகள் இருக்கின்றன, இரண்டும் 60 லிட்டர். ஒன்றில் செடிகளுக்காகக் கார்பன் டை ஆக்சைடு விடுகிறேன். அந்தத் தொட்டியில்தான் நெரைட் நத்தைகளின் ஓடு உச்சியில் வெளுத்துக் குழி விழ ஆரம்பித்தது. பார்க்க மனசு கேட்கவில்லை. ஓடு என்பது கால்சியம் கார்பனேட். வாயு கரைந்து கார்பானிக் அமிலமான தண்ணீர் அதை அரிக்கத்தானே செய்யும்.

சிராங்கூன் நார்த் கடையில் பவளச் சில்லு வாங்கி, வலைப்பையில் 200 கிராம் வீதம் இரண்டு ஃபில்டரிலும் போட்டேன். பவளமும் கால்சியம் கார்பனேட்தான். ஓட்டுக்கு முன்னால் அது கரையட்டும் என்ற எண்ணம்.

ஒரு வருடம் கழித்து உலர்த்தி எடை போட்டால், வாயு விடும் தொட்டியில் சுமார் 145 கிராம், மற்றதில் 190. ஒரே சில்லு, ஏன் இவ்வளவு வித்தியாசம்? சுத்தமான தண்ணீரில் கால்சியம் கார்பனேட் லிட்டருக்குச் சுமார் 14 மில்லிகிராம்தான் கரையும். கார்பன் டை ஆக்சைடு சேர்ந்தால் அது பைகார்பனேட்டாக மாறிப் பல மடங்கு கரைகிறது. வாயுத் தொட்டியில் கேஎச், அதாவது அமிலத்தைத் தணிக்கும் கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு, 1 டிகிரியிலிருந்து 4 ஆனது. ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு 17.9 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். வாரம் 20 லிட்டர் மாற்றுகிறேன், ஆக ஏறிய மூன்று டிகிரிக்கு வாரத்துக்குச் சுமார் ஒரு கிராம் சில்லு கரைந்து போகிறது, வருடத்துக்கு ஏறக்குறைய குறைந்த அந்த 55 கிராம். கணக்கு சரியாக வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் நிதானம். கேஎச் ஏற ஏற பிஎச்சும் ஏறி, அதாவது அமிலத்தன்மை குறைந்து, கரைவது தானாகவே குறைந்துவிடும். சமையல் சோடா போட்டால் ஒரே நாளில் எல்லாம் ஏறிவிடும், மீன் தவித்துப்போகும்.

நடுவில் ஜிப்சமும் (கால்சியம் சல்பேட்) போட்டுப் பார்த்தேன். லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் கரையக்கூடியது, அமிலமே தேவையில்லை. ஜிஎச், அதாவது தண்ணீரின் மொத்தக் கடினத்தன்மை, மளமளவென்று ஏறியது, கேஎச் அசையவில்லை. சல்பேட் அமிலத்தைத் தணிக்காது. ஓடு அரிப்பதும் நிற்கவில்லை.

குறை என்றால், இரண்டு மாதத்தில் சில்லின்மேல் வழவழப்பு படிந்துவிடும். பிறகு தண்ணீர் உள்ளே படாது, கேஎச் இறங்கும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசிப் போட்டால் போதும். அப்புறம், மென்மையான அமிலத் தண்ணீர் வேண்டிய கிரிஸ்டல் இறால் வளர்ப்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

நத்தைகளின் பழைய குழிகள் ஆறவில்லை. ஆனால் வாய்ப்பக்கம் புதிதாக வளர்ந்த ஓடு கருகருவென்று வழவழப்பாக இருக்கிறது.