ஆறு வருஷம், ஒரே ரெக்கார்டர், கூத்துக்காரர்களின் பேச்சு

2019 பங்குனியில் இந்தக் கையடக்க ரெக்கார்டரை வாங்கினேன். காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கத்துத் தெருக்கூத்துக் கலைஞர்கள், அப்புறம் ஏரித் தண்ணீரைப் பங்கிட்டு விடுகிற நீர்கட்டிகள், இவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே சொல்லிக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. இதுவரை அறுபது பேருக்கு மேல் பேசியிருக்கிறார்கள்.

போன் போதாதா என்று கேட்பவர்களுக்கு: போதாது. நானும் போனில்தான் ஆரம்பித்தேன். நடுவில் யாராவது கூப்பிடுவார்கள். நாம் திரையைத் தொட்டாலே, தம்பிக்கு வேலை வந்துவிட்டது போல என்று எதிரில் இருக்கிற பெரியவர் பேச்சைச் சுருக்கிவிடுவார். ரெக்கார்டர் அப்படியில்லை. துண்டை மடித்து அதன்மேல் ரெக்கார்டரை வைத்துவிட்டால் தரை அதிர்வும் ஏறாது, பத்து நிமிஷத்தில் இரண்டு பேருமே அதை மறந்துவிடுவோம்.

எனக்குக் கிடைத்த நல்ல பேச்செல்லாம் ஒப்பனைக் கொட்டகையில் கிடைத்ததுதான். அரிதாரம் பூசி, கட்டை என்கிற மர அணிகளைக் கட்டி முடிக்க மணிக்கணக்கில் ஆகும், கண் கண்ணாடியில் இருக்கும், கை முகத்தில் இருக்கும், வாய் மட்டும் சும்மா இருக்கும். அப்போது கூத்து வாத்தியார்கள் சொல்வதைத் திண்ணையில் உட்காரவைத்துக் கேட்டால் சொல்ல மாட்டார்கள். கட்டைகளைக் கல்யாண முருங்கை மரத்தில் செய்வதே கனம் தெரியக்கூடாது என்றுதான், அப்படியும் விடியவிடிய சுமந்து ஆடினால் தோள் காய்த்துப்போகும் என்றார் ஒருவர். தொட்டுப் பாருங்கள் என்றார். "ரொம்ப கெட்டியா இருக்கே ஐயா" என்று நான் சொல்வதுதான் கோப்பில் இருக்கிறது.

ஒலி அளவை மட்டும் கவனிக்க வேண்டும். மெல்லப் பேசுகிறவருக்காக ஏற்றி வைத்திருப்போம், பக்கத்தில் ஒருவர் முகவீணையை, அதாவது சின்ன நாதஸ்வரம் போன்ற ஊதுகருவியை, ஊதிப் பார்த்தால் பதிவில் ஒலியெல்லாம் கிழிந்துவிடும். ரெக்கார்டரின் ஒலி மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாமல் வைப்பது என் பழக்கம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ என்ற பதிவுத் தரத்தில் மணிக்கு 1 ஜிபி ஆகிறது, 32 ஜிபி கார்டு ஒரு பயணத்துக்குத் தாராளம்.

பேட்டரிதான் என்னை அழவைத்தது. வயதான முகவீணைக் கலைஞர் ஒருவர் ஒன்றரை மணி நேரம் பேசினார், கடைசியில் பேட்டரி இறங்கி, கோப்பு திறக்கவேயில்லை. அடுத்த மாதம் போனபோது அவர் இல்லை. அந்தக் குரல் வேறு எங்கும் இல்லை என்பதை நினைத்தால் இன்றும் தாங்கவில்லை. இப்போது ஒவ்வொருவருக்கும் புது பேட்டரி போடுகிறேன், டீ வரும்போது நிறுத்திப் புதுக் கோப்பாகத் தொடங்குகிறேன்.

பேசியவர் வீட்டுக்கு ஒரு பிரதி கட்டாயம் கொடுங்கள். ஒரு நீர்கட்டியின் பேத்தி, எந்த மதகை முதலில் திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று தாத்தா சொல்லும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, பள்ளிக்கூட நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறாள்.