ஹோம் தியேட்டர் சவுண்ட்ப்ரூஃபிங்: அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பேஸ்மென்ட்டில் ஹோம் தியேட்டர் போடப் போகிறீர்களா? மாடிப்படி அந்த அறையை ஒட்டியே ஏறுகிறதா? அப்படியானால் எங்களுக்கு நடந்ததைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வந்த கான்ட்ராக்டர் பேச்சில் கெட்டிக்காரர். முட்டை அட்டை மாதிரி மேடும் பள்ளமுமாக இருந்த ஃபோம் ஒன்றைக் கையில் கொடுத்தார். அதன் பின்பக்கம் என்.ஆர்.சி 0.85 என்று அச்சிட்டிருந்தது. "85 சதவீதம் சத்தம் இதுலயே நின்னுடும் சார், மேல ஒண்ணும் கேக்காது" என்றார். அச்சிட்டிருந்த எண்ணில் பொய் இல்லை, அதற்கு அவர் சொன்ன விளக்கம்தான் பொய். ஒரு பரப்பில் மோதும் ஒலியில் எவ்வளவு திரும்பி எதிரொலிக்காமல் உள்வாங்கப்படுகிறது என்பதற்கான அளவுதான் என்.ஆர்.சி. அதுவும் 250 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரைக்கான சராசரி. சுவரைத் தாண்டி எவ்வளவு போகிறது என்பதை அது சொல்லவே சொல்லாது. அதற்கு எஸ்.டி.சி என்று வேறு அளவு உண்டு. அதுவும் 125 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. ஆழமான ஒலிக்கென்றே இருக்கும் ஸ்பீக்கரான சப்வூஃபர் உறுமுவதோ பெரும்பாலும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே.

ஃபோம் ஒட்டியதும் அறைக்குள் வசனம் தெளிவாகக் கேட்டது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு வெடிச்சத்தம் வந்தால் படிக்கு மேலே இருக்கும் படுக்கையறையில் கட்டில் அதிர்ந்தது. படியின் மரச்சட்டம் தியேட்டர் சுவரோடு நேரடியாக ஆணியடித்து நிற்கிறது. அதிர்வு அந்த மரம் வழியாகவே ஏறிவிடுகிறது. படிக்கு அடியில் இருக்கும் வெற்றிடத்தைத் தொடவே இல்லை. படியடிக் கதவு தட்டினால் டொக்டொக்கென்று கேட்கும் உள்ளீடற்ற கதவு, அதன் கீழே விரல் நுழையும் இடைவெளி வேறு. சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மீதிச் சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. இந்தக் கணக்கு தெரியாத ஆள் இந்தத் தொழிலில் இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

புகார் சொன்னதும் ஃபோனில் ஒரு ஆப்பை வைத்துக்கொண்டு மேலே போய் அளந்து காட்டினார். எண் குறைவாகத்தான் இருந்தது. பிறகுதான் கவனித்தேன், ஆப் 'ஏ' வெயிட்டிங்கில் இருந்தது. அந்த முறையில் 50 ஹெர்ட்ஸ் ஒலியை 30 டெசிபல் குறைத்துத்தான் கணக்கில் எடுக்கும். எங்கள் தொல்லையே அந்த ஒலிதான். ஆழமான ஒலியை அவ்வளவாகக் குறைக்காத 'சி' வெயிட்டிங்குக்கு மாற்றச் சொன்னதும், "பேஸ் கொஞ்சம் வரத்தான் சார் செய்யும்" என்று பேச்சு மாறிவிட்டது. அதைத் தடுக்க இன்னொரு அடுக்கு ஃபோம் ஒட்டலாமாம், அதற்குத் தனி பில்லாம்!

கடைசியில் வேறு ஒரு தச்சரை வைத்து ஜிப்சம் போர்டைக் கழற்றினோம். கொட்டேஷனில் சுவர் முழுக்க ராக்வுல் (கல் இழையால் ஆன பஞ்சு) என்று இருந்தது. உள்ளே பார்த்தால் சுவிட்ச் பாக்ஸைச் சுற்றி மட்டும் கையகலத் துண்டுகள், அதாவது யாராவது ஸ்க்ரூ கழற்றி எட்டிப் பார்த்தால் கண்ணில் படும் இடத்தில் மட்டும். மற்ற இடமெல்லாம் காலி. போர்டு சட்டத்தைத் தொடாமல் மிதந்து நிற்கவேண்டும் என்பதற்காகத்தான் ரெசிலியன்ட் சேனல் என்ற வளைந்துகொடுக்கும் உலோகப் பட்டையை இடையில் போடுவதே. அதிலும் நீள ஸ்க்ரூவை இறக்கி, சேனலைத் தாண்டி மரச்சட்டத்திலேயே முறுக்கி வைத்திருந்தார்கள். ஸ்க்ரூ நுனியில் மரத்தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. சேனலுக்குக் கொடுத்த பணம் அங்கேயே போச்சு.

இப்போது படிப்பக்கச் சுவரில் ராக்வுல் நிரப்பி, இரண்டு அடுக்கு போர்டுக்கு நடுவே அதிர்வை விழுங்கும் பசை தடவி, விளிம்பெல்லாம் அகூஸ்டிக் சீலன்ட் அடித்திருக்கிறோம். கதவு கனமான திடக்கதவு, சுற்றிலும் கேஸ்கெட், கீழே மூடும்போது தானே இறங்கும் சீல். பேச்சும் பாட்டும் மேலே வருவதில்லை. ஆழமான பேஸ் இன்னும் லேசாக வருகிறது. படியைச் சுவரிலிருந்து பிரிக்காமல் அது போகாது என்று தச்சர் முதல் நாளே சொல்லிவிட்டார். இந்த நேர்மைக்காகவே அவரிடம் வேலையைக் கொடுத்தோம்.

போர்டு மூடும் முன் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் 40 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, படியின் உச்சியில் போய் நின்று கேளுங்கள். வேலை தொடங்கும் முன்பும் அதே வால்யூமில் ஒருமுறை கேட்டு வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். கொட்டேஷனில் கதவு, படியடி, ஏசி டக்ட் மூன்றும் தனித்தனி வரியாக இருக்கட்டும். எங்கள் பில்லில் "அகூஸ்டிக் வேலை, மொத்தமாக" என்று ஒரே வரிதான். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது அந்த வரியைத்தான் அவர் நீட்டினார்.