பாம்பன் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறை

கேட், கிரில் போடுகிற பட்டறைதான். செபஸ்தியான் செய்த மஞ்சள் குதிரைத்தலைப் படத்தைக் காட்டி, கடை வாசலுக்கு இடுப்பளவில் ஒன்று கேட்டேன். 1947இல் சிவாவா மாநிலத்தில் பிறந்த மெக்சிகோ சிற்பி. மடித்து உருமாற்றும் சிறு சிற்பங்களில் தொடங்கியவர். மெக்சிகோ சிட்டியில் 1992இல் வைத்த அந்த 28 மீட்டர் எஃகுக் குதிரை, பாதாளச் சாக்கடை வாயுவை வெளியேற்றும் புகைபோக்கியும்கூட! கேட்டதும் மேஸ்திரி, "அப்ப நம்மளதுலயும் ஓட்டை விட்ருவமாண்ணே?" என்றார்.

முதலில் அட்டையில் வெட்டி மடித்துப் பார்த்துவிட்டுத்தான் தகட்டில் கை வைத்தார். பற்றவைத்த தடமே தெரியாமல் கிரைண்டர் ஓட்டியிருக்கிறார். பிடரி வளைவுதான் கொஞ்சம் மொண்ணை. உப்புக்காற்றுக்கு ரெட் ஆக்சைடு இரண்டு கோட் கேட்டு வாங்குங்கள். தானாக அடிக்க மாட்டார். கூலி நியாயம். சொன்ன தேதியை மட்டும் நம்பாதீர்கள், விசைப்படகு வேலை வந்தால் மற்றதெல்லாம் அப்புறம்தான்.